உறையைப் பிரித்துச் சாப்பிட்ட கோதை மாமி

அம்மாமண்டபம் சாலையில் இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறேன். என் பெயர் பெரியண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் அது என்பதால் என்னைவிட மூத்தவர்களும் என்னை அப்படித்தான் கூப்பிட்டாக வேண்டும். கோதைநாயகி மாமிக்கு ஐம்பத்தாறு வயது, எனக்கு நாற்பத்தெட்டு. ஆனாலும் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலே, "பெரியண்ணன், என் பிரஷர் மாத்திரை!" என்று அவர் குரல் கொடுத்தால் எதிர்க்கடைப் பூக்காரரும் எழுந்து நிற்பார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மாமிக்கு கிளார்க் வேலை. பதினைந்து வருஷம் முன்னால் படித்த பையன் டி.சி. நகல் கேட்டு வந்து நின்றால், மாமி அவன் முகத்தைப் பார்த்தே எந்த ரிஜிஸ்தர், எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அவர்கள் சொந்தத்தில் யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. சித்தப்பாவின் திதி என்றைக்கு, மும்பையில் பிறந்த குழந்தைக்கு என்ன நட்சத்திரம் என்பதெல்லாம் மாமிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். என் கல்யாண நாளை எனக்கே நினைவுபடுத்தி, இரண்டு வருஷம் என் குடும்பத்தில் நடக்கவிருந்த சண்டையைத் தடுத்த புண்ணியவதி அவர்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஸ்கூட்டரை விட்டு இறங்கிக் கடைக்குள் வந்தார். அதுவே அதிசயம். கூட்டம் கலையும்வரை பேன் காற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியண்ணன், ஞாபக சக்திக்குன்னு மருந்து ஏதாவது இருக்கோ?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "இருந்தா முதல்ல நான் சாப்பிட்டிருக்க மாட்டேனா மாமி? தினம் கடைச் சாவியைத் தேடியே பாதி ஆயுசு போகுது" என்றேன். மாமியும் சிரித்தார். போய்விட்டார்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. சளிக்கு மருந்து கேட்டால் எத்தனை நாளாச் சளி, காய்ச்சல் உண்டா என்று நாலு கேள்வி கேட்கிற வாய், இதற்கு மட்டும் ஜோக் அடித்தது. நடந்தது என்ன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மாமியின் அம்மா கடைசி ஆறு வருஷம் பெற்ற மகளை அடையாளம் தெரியாமல்தான் வாழ்ந்தார். தலை வாரிவிடும் மகளைப் பார்த்து, "நீ எந்தாத்துப் பொண்ணும்மா? ரொம்ப நல்லவளா இருக்கே" என்று கேட்பாராம். அந்த அம்மாவுடைய திதியை இந்த வருஷம் மாமி மறந்துவிட்டார். வருஷா வருஷம் பத்து நாள் முன்னாலேயே சென்னையில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுத் தேதி சொல்கிறவர் அவர்தான். இந்தத் தடவை தம்பி கூப்பிட்டு, "நாளைக்கு அம்மா திதி ஆச்சே, ஏன் அக்கா போனே பண்ணலை?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரின் பெயர் வாயில் வர அரைமணி நேரம் ஆனதும், அரைத்த தோசைமாவை மறந்து மறுபடி அரிசி ஊறப்போட்டதும் அதற்கு முன்பே நடந்தவை. வீட்டுக்காரர் சக்ரபாணி சாரிடமும் சொல்லவில்லை, புனேயில் இருக்கும் மகள் ஜாஹ்னவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

நான் கைவிட்ட இடத்தில் போன் கையைப் பிடித்துக்கொண்டது. மறதி என்று ஒரு தடவை தேடினால் போதுமே, அப்புறம் அந்தப் போன் நம்மை விடுமா? சமையல் வீடியோ பார்த்தாலும் நடுவில் வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவன் வந்து, "நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா?" என்று மிரட்டுகிறான். அவன் டாக்டரா, நாடக நடிகனா, யார் கண்டது? மருந்தின் பெயர் மேதாஸ்திரம் ப்ளஸ். டப்பாவில் ஒரு தாமரை, அதன்மேல் ஒரு மூளை, மூளையைச் சுற்றி மின்னல். 'நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை' என்று பெரிய எழுத்தில். 'இது மருந்து அல்ல' என்று எறும்பு எழுத்தில். தயாரித்தவன் முகவரி கிடையாது, ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும் உண்டு. என் கடையில் ஒரு இருமல் டானிக்குக்கு ரசீது, பேட்ச் நம்பர், காலாவதித் தேதி என்று அதிகாரி வந்து குடைகிறார். இவனுக்கு ஒரு கேள்வி கிடையாது.

டப்பா வந்து சேர்ந்ததும் மாமிக்கு ஒரு தர்மசங்கடம். உள்ளே இருந்தவை கேப்ஸ்யூல்கள். மறுநாள் கடைக்கு வந்தார். அன்று திங்கட்கிழமை காலை, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம்.

"பெரியண்ணன், இந்தக் கேப்ஸ்யூலுக்கு மேல ஒரு தோல் இருக்கே, அதை எதுல பண்றா?"

"ஜெலட்டின் மாமி. மாட்டு எலும்பு, தோலு, இதுலேருந்து எடுக்கறது. எல்லாம் அப்படியில்ல, நிறைய அப்படித்தான்."

"பெருமாளே!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு குனிந்து, "பிரிச்சு உள்ள இருக்கறதை மட்டும் சாப்பிடலாமோல்லியோ?"

"தாராளமா. மருந்து உள்ளேதானே இருக்கு" என்றேன், தலையை நிமிர்த்தாமல், இன்னொருவருக்கு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே.

எந்தக் கேப்ஸ்யூல், யார் எழுதிக் கொடுத்தது, எதற்கு என்று நான் கேட்கவில்லை. சிலதைப் பிரிக்கலாம், சிலதைப் பிரிக்கவே கூடாது என்பது படித்த முதல் வருஷத்திலேயே எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் சொன்னேன் 'தாராளமா' என்று.

மாமி அதற்கப்புறம் ஒரு முறை வகுத்துக்கொண்டார். எலும்புச் சம்பந்தம் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதால் டப்பாவின் வாசஸ்தலம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில். காலையில் வாசலிலேயே ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஒரு காகிதத்தில் கொட்டி, உறையைக் குப்பைத் தொட்டியில் போட்டு, கைகால் கழுவிவிட்டு உள்ளே போவார். உள்ளே இருந்தது பொடி அல்ல, கடுகைவிடச் சின்னச் சின்ன உருண்டைகள். பல்லில் பட்டால் ஒரே கசப்பு. குழந்தைக்கு மருந்து இழைக்கிற கல்வம் எதற்கு இருக்கிறது? அதில் போட்டு நைசாக அரைத்து, தேன் விட்டுக் குழைத்து, துளசித் தீர்த்தத்தோடு விழுங்கினார். இதைவிட ஆசாரமாக ஒரு மனுஷி விஷம் சாப்பிட்டிருக்க முடியாது.

முதல் பத்து நாள் அமர்க்களம். சக்ரபாணி சார் பொன்மலை ரயில்வே பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவரே கடைக்கு வந்து, "ஆத்துல நாலு பேர் வேலையை ஒருத்தி பண்றா, பெரியண்ணன்" என்று பெருமைப்பட்டார். பரண் சுத்தமானது. பத்து வருஷத்துப் பழைய புடவைகள் நிறவாரியாக அடுக்கப்பட்டன. மாமி என் கடையின் பழைய லேண்ட்லைன் நம்பரை நடு வீதியில் ஒப்பித்துக் காட்டினார். பேச்சு வேகமானது, ஸ்கூட்டர் அதைவிட வேகமானது.

பதினொன்றாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, மாத்திரை அட்டையை வாங்கும்போது கை நடுங்கியது. பிடித்து உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தேன். நூற்று எழுபது. இயந்திரத்தின்மேல் சந்தேகப்பட்டு எனக்கும் பார்த்தேன், எனக்குச் சரியாகத்தான் இருந்தது. "தூக்கம் எப்படி மாமி?" என்றால், "தூக்கம் எதுக்கு? அதான் உடம்பு சுறுசுறுப்பா இருக்கே" என்கிறார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினேன். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டாராம், மாமி இல்லை என்றாராம். மாமி கணக்கில் அது பொய் இல்லை. மூலிகையை யார் மருந்தில் சேர்ப்பது? டாக்டர் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். ஒரு பக்கம் ஏற்றுகிற சரக்கு, மறுபக்கம் இறக்குகிற மாத்திரை, நடுவில் மாமியின் இதயம்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடத்தில் சேர்க்கை தொடங்கும் நாள். அன்றைக்குப் பார்த்து ஏகாதசி. மாமி தீர்த்தம் தவிர எதுவும் தொடமாட்டார். ஆனால் கூட்டம் வரும், பெயர்கள் நினைவிருக்க வேண்டும், யார் முன்னாலும் தடுமாறக் கூடாது. ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்து அரைத்து வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுக் கிளம்பினார். காவிரிப் பாலத்தின் நடுவில் நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எப்படியோ ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி சரிந்துவிட்டார்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிச்சமுத்து தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். போன் பூட்டியிருந்தது. "அம்மா, வீட்டு நம்பர் சொல்லுங்கம்மா" என்று வழியெல்லாம் கேட்டிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த புருஷனின் நம்பர் மாமிக்கு வரவில்லை. தட்டுத் தடுமாறி வந்தது என் கடையின் லேண்ட்லைன் நம்பர். கடையில் அது மணியடித்தபோது, இதில் யார் கூப்பிடப் போகிறார்கள், ஏதாவது கடன் அட்டை விற்பவனாக இருக்கும் என்று நாலைந்து முறை அடித்த பிறகுதான் எடுத்தேன். கடையை வேலைக்கு இருக்கும் பையனிடம் ஒப்படைக்கக்கூட இல்லை, அப்படியே ஷட்டரை இழுத்துவிட்டு சக்ரபாணி சாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சம்ரீன் சின்ன வயசுப் பெண். நிதானமானவர். நாடித்துடிப்பு நூற்று அறுபது, பிரஷர் இருநூறைத் தாண்டிவிட்டது என்றார்.

"என்னென்ன மருந்து சாப்பிடறாங்க? நாட்டு மருந்து, சத்து மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"பிரஷர் மாத்திரை ஒண்ணுதான் டாக்டர். எங்காத்துல வேற எதுவும் வராது" என்றார் சக்ரபாணி சார் உறுதியாக.

டாக்டர் மாமியிடம் குனிந்தார். மாமி கண்ணை மூடியபடியே தலையை இல்லை என்று அசைத்தார்.

"துடிப்பைக் குறைக்க வழக்கமா ஒரு ஊசி போடுவோம்" என்று டாக்டர் எங்களைப் பார்த்தார். "உள்ள ஏதாவது தூண்டிவிடற சரக்கு இருந்தா, அந்த ஊசியே பிரஷரை இன்னும் ஏத்திடும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்."

கேப்ஸ்யூல் தோலைப் பற்றி மாமி கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரஷர் மாத்திரைக்கு ஏது தோல்? கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமி, எந்தக் கேப்ஸ்யூலைப் பிரிச்சீங்க? எங்க வெச்சிருக்கீங்க?"

மாமி கண்ணைத் திறந்து, என்னையல்ல, வீட்டுக்காரரைப் பார்த்தார். உயிர் போகிற நேரத்திலும் கணவர் முன்னால் சொல்ல அவருக்கு மனசில்லை. "சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றேன். அவர் போனதும், "வண்டி சீட்டுக்கு அடியில" என்று மட்டும் உதடு அசைந்தது.

பாலத்துக்கு நான் எப்படிப் போனேன், எத்தனை பேர் என்னைத் திட்டினார்கள் என்பதெல்லாம் தெரியாது. மூளையும் மின்னலுமாக அந்த டப்பா ஒரு துணிப்பையில் சுற்றிக் கிடந்தது. டாக்டர் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து உருண்டைகளைக் கையில் கொட்டிப் பார்த்தார்.

"இது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா கரையற மாதிரி செஞ்சது. இதை அப்படியே சாப்பிட்டாங்களா?"

"தேன் விட்டு அரைச்சு" என்றார் மாமி, ஈனஸ்வரத்தில், கொஞ்சம் பெருமையோடும்.

"ஒரு நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே நிமிஷத்துல இறங்கியிருக்கு. அதுவும் வெறும் வயித்துல, ரெண்டு. என்ன கலந்திருக்காங்கன்னு லேபிள்ல எழுதலை. ஆனா வெறும் மூலிகை இந்த வேலையைப் பண்ணாது."

அந்த ஊசியைத் தவிர்த்து, வேறு மருந்து கொடுத்து, இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து மாமியை மீட்டார்கள். டப்பாவைப் பார்க்காமல் ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டினார். பிரிக்கச் சொன்னது நான்தான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டினால் தேவலை என்று இருந்தது, திட்டவில்லை.

மூன்றாம் நாள் சாதாரண அறைக்கு வந்ததும் மாமி எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவை, திதியை, டீச்சர் பெயரை. சக்ரபாணி சார் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சம்ரீன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார்.

"உங்களுக்கு பி-12 ரொம்பக் குறைவா இருக்கும்மா. சைவம் மட்டுமே சாப்பிடறவங்களுக்கு அடிக்கடி வர்றதுதான். இதனாலயும் மறதி வரும். ஊசி போட்டுக்கலாம், படிப்படியா சரியாகும்."

"அம்மாவுக்கு வந்தது எனக்கு வருமா டாக்டர்?"

"வராதுன்னு எழுதிக் கொடுக்க முடியாதும்மா. இப்ப இல்ல. அது வந்துடுச்சோன்னு பயமா இருந்தா எங்ககிட்ட வாங்க, சோதிச்சுப் பாக்கலாம். போன்கிட்ட கேக்காதீங்க."

மாமி வீடு திரும்பினார். வாரம் ஒருமுறை என் கடைக்கு வந்து, ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு, வரிசையில் நிற்கிற எல்லோர் காதிலும் விழ, "மறதிக்கு. பி-12" என்று அறிவிப்பார். நானும் யார் எந்தக் கேப்ஸ்யூலைக் காட்டினாலும், கூட்டம் எவ்வளவு இருந்தாலும், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம், கடையில் யாருமில்லை. சக்ரபாணி சார் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். வேறு பெயர், வேறு நிறம், ஆனால் அதே மாதிரி ஒரு மூளை, அதே மின்னல்.

"இதைச் சாப்பிடலாமா, பெரியண்ணன்?"

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான். நாலு மாசமாச் சாப்பிட்டுண்டிருக்கேன். பொன்மலை சிநேகிதன் ஆத்து விலாசத்துக்கு வரவழைச்சேன்."

எங்காத்துல வேற எதுவும் வராது என்று டாக்டரிடம் அடித்துச் சொன்ன மனிதர்! எனக்கு வந்த கோபத்தில் கையைப் பிடித்து இழுத்துப் பிரஷர் பார்த்தேன். நூற்று அறுபது.

"உங்களுக்கு எதுக்கு சார் இது? ரயில் பெட்டி நம்பரெல்லாம் இன்னும் சொல்றீங்களே!"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாக நட்சத்திரங்கள், திதிகள், போன் நம்பர்கள், கல்யாண நாட்கள்.

"கோதை மறக்க ஆரம்பிச்சுட்டான்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். கேட்டா மனசு உடைஞ்சுடுவா. எல்லாத்தையும் அவ தலையில ஏத்திட்டு முப்பத்திரண்டு வருஷம் நான் சும்மா இருந்துட்டேன். நாளைக்கு அவளுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லாமப் போனா, ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தானே வெச்சுக்கணும்? அறுபது வயசுக்கு மேல ஏறமாட்டேங்கறது. அதான்..."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? ஆனால் கலங்கினாலும் ஒன்று செய்தேன். "அவகிட்ட சொல்லிடாதேங்கோ" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச மாமிக்குப் போன் போட்டேன். ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்த லட்சணத்தைத்தான் ஒரு தடவை பார்த்தாகிவிட்டதே.

ஐந்தே நிமிஷத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மாமி பாட்டிலைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். அதில் தன் பெயரும், தன் நட்சத்திரமும், தனக்குப் பிடித்த பலகாரங்களும்கூட எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏன்னா, உங்களுக்கு எப்போ முதல்ல தெரிஞ்சுது?"

சார் தரையைப் பார்த்தபடி சொன்னார். "போன ஆவணி. ஒரு வெள்ளிக்கிழமை. பெருமாளைச் சேவிச்சுட்டு வெளியில வந்தோம். செருப்பைக் காணோம்னு தேடினே. அன்னிக்கு நீ செருப்பே போட்டுண்டு வரலை."

"சொல்லப்படாதோ?"

"நீ பாவம், அப்படிப் பதறினே. அதான் நானும் உன்னோட சேர்ந்து தேடினேன்."

மாமி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"எழுதறதுன்னா சரியா எழுதிக்கோங்கோ. அன்னிக்கு வெள்ளி இல்லை, வியாழக்கிழமை."